தெருக்காரர்களுக்கு மட்டும்

மதுரை ரயில் நிலையத்தின் மேற்கு வாசல் பக்கம் இருக்கும் தெருக்களில் ஒரு நடை போய்ப் பாருங்கள். வீட்டுக்கு வீடு ஒரு போர்டு தொங்கும். 'கேட் முன் வண்டி நிறுத்தாதீர்' என்பது மரியாதைப்பட்டவர்கள் எழுதுவது. 'நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்' என்பது பட்டுத் தெளிந்தவர்கள் எழுதுவது. போர்டை நம்பாதவர்கள் பெயின்ட் டப்பாவில் சிமென்டைக் கொட்டி, நடுவில் ஒரு கம்பியை நட்டு, ராத்திரியானால் வாசலுக்கு வெளியே உருட்டி வைத்துவிடுவார்கள். ஒரு வீட்டில் ஆட்டுக்கல். இன்னொரு வீட்டில் பத்து வருஷமாக ஓடாத டிவிஎஸ் 50 ஒன்றை மின்கம்பத்தோடு சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். அதன் ஒரே வேலை இடம் பிடித்து வைப்பது. வீட்டுக்காரர் கார் வந்ததும் அதை ஓரமாகத் தள்ளுவார், கார் போனதும் மறுபடி இழுத்து வைப்பார்.

ஆக, தெருவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் வாகன நிறுத்த உரிமை என்பது மதுரையில் புதிதாகக் கொண்டுவர வேண்டிய விஷயமே இல்லை. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. மாநகராட்சி கொடுக்கவில்லை, அவரவரே எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

போன சில மாதங்களாக எங்கள் தெருவில் இதை முறைப்படி கேட்கலாம் என்று ஒரு பேச்சு. மாநகராட்சியே பர்மிட் கொடுக்கட்டும், பர்மிட் ஒட்டாத வண்டி நின்றால் அபராதம் போடட்டும், வெளியாட்கள் தங்கள் வண்டியை ஸ்டாண்டில் விட்டுவிட்டுப் போகட்டும். வெளிநாட்டு நகரங்களில் மெட்ரோ நிலையங்களைச் சுற்றி இருக்கும் தெருக்களில் இது பல காலமாக உள்ள ஏற்பாடு. நானும் இதை ஆதரிக்கிறவன்தான். ஆனால் இதைக் கேட்பவர்கள் யார், எதற்காகக் கேட்கிறார்கள் என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் சங்கடமாக இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

முதலில், "மெட்ரோவே வரலை, அதுக்குள்ள பார்க்கிங் சண்டையா?" என்று கேட்பவர்களுக்கு. நியாயமான கேள்வி. திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை சுமார் 32 கிலோமீட்டர், 11,000 கோடி ரூபாய்க்கு மேல், பழைய நகரத்துக்குள் சுரங்கப்பாதை என்றெல்லாம் திட்டம் போட்டு அனுப்பினார்கள். 2025 நவம்பரில் மத்திய அரசு அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. 2017ஆம் வருட மெட்ரோ ரயில் கொள்கைப்படி 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும், 2011 கணக்கெடுப்பில் மதுரைக்கு 15 லட்சம்தான் வருகிறது என்பது காரணம். பேருந்துகளுக்குத் தனித்தடம் போட்டால் இந்த ஊருக்குப் பொருத்தமாக இருக்கும் என்றும் சொல்லிவிட்டார்கள். 2011க்கு அப்புறம் இந்த ஊரில் யாரும் பிறக்கவில்லை போலிருக்கிறது. அதை விடுங்கள்.

மெட்ரோ வருகிறதோ, பேருந்துத் தனித்தடம் வருகிறதோ, எங்கள் பக்கத்து நிலையம் ஏற்கெனவே மாறிக்கொண்டிருக்கிறது. மதுரை சந்திப்பை 347 கோடி ரூபாயில் மறுபடி கட்டும் வேலை நடக்கிறது. வண்டிகளும் கூடிவிட்டன. 2019 மார்ச்சில் சென்னைக்குத் தேஜஸ் ரயில். பன்னிரண்டு வருஷம் போல மூடிக் கிடந்த போடி பாதையில் 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடி வரைக்கும் ரயில். 2024 ஆகஸ்ட் கடைசியில் பெங்களூருக்கு வந்தே பாரத், அது கிளம்புவது காலை ஐந்தேகாலுக்கு. அந்த நேரத்துக்கு நகரப் பேருந்தை நம்பி யார் வருவார்கள்? சொந்த வண்டியில்தான் வருவார்கள். வந்தவர்கள் வண்டியை எங்கே விடுவார்கள்? ரயில் கூடக் கூட, வண்டியை விட்டுவிட்டு ஏறுகிறவர்களும் கூடுகிறார்கள்.

ஸ்டாண்டு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் ஸ்டாண்டில் வண்டி விடுவது ஒரு அனுபவம். உள்ளே நுழைந்ததும் ஒருவர் சீட்டைப் பாதியாகக் கிழித்து, ஒரு பாதியை நம் கையில் கொடுத்து, மறு பாதியை பிரேக் கம்பியில் செருகுவார். வண்டியின் இருக்கை மேல் சாக்பீஸால் நம்பரும் தேதியும். வண்டியைப் பூட்டக்கூடாது, ஹேண்டிலைத் திருப்பிப் பூட்டவே கூடாது. பூட்டினால் தூக்கி நகர்த்த முடியாது என்று திட்டுவார்கள். சாயங்காலம் வந்து கேட்டால் நம் வண்டி நாலாவது வரிசையில் சுவரோரம் இருக்கும். முன்னால் நிற்கும் மூன்று வரிசையையும் ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டு, நம் வண்டியை எடுத்துக் கொடுப்பதற்குள் பின்னால் இருபது பேர் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். கண்ணாடி ஒரு பக்கம் திரும்பியிருக்கும், சில நாள் கண்ணாடியே இருக்காது. அதற்கு மேல் ஒரு நாள் கணக்கு தாண்டினால் அடுத்த நாள் கணக்கு. தினமும் திண்டுக்கல்லுக்கும் விருதுநகருக்கும் வேலைக்குப் போகிறவருக்கு மாசக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் ஸ்டாண்டு காசு சீசன் டிக்கெட் காசுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

அதனால் எங்கள் தெரு. வேப்பமரம் இருக்கிறது, நிழல். எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். ஊமச்சிகுளத்திலிருந்து வரும் ஒரு தம்பி தினமும் காலை எங்கள் மரத்தடியில் வண்டியை விட்டுவிட்டு ஓடுவார். ஒருநாள் நிறுத்திக் கேட்டேன், "ஏப்பா, ஸ்டாண்டு இருக்குல்ல?" அவர் கூச்சமே படாமல் சொன்னார்: "அங்க விட்டா எடுக்க அரைமணி ஆகுதுண்ணே. இங்க நெழல் வேற. அதுபோக உங்க வீட்டு சிசிடிவி நேரா என் வண்டியத்தானே பாக்குது."

வண்டி திருடு போகிறது என்று தெருவே சேர்ந்து காசு போட்டு வைத்த கேமரா. அவருக்கு அது இலவசக் காவல். கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது.

இந்தச் சண்டை கோர்ட் வரைக்கும் போன இடம் ஒன்று உண்டு. வாஷிங்டனுக்கு எதிரே, பொட்டோமாக் ஆற்றுக்கு அக்கரையில் ஆர்லிங்டன். அங்கே கிரிஸ்டல் சிட்டி என்று ஒரு பெரிய அலுவலகப் பகுதி. அதற்கு அடுத்த குடியிருப்பு அரோரா ஹைலண்ட்ஸ். அலுவலகத்தில் காசு கொடுத்துக் காரை நிறுத்த மனசில்லாதவர்கள் காலையில் குடியிருப்புத் தெருவில் விட்டுவிட்டு நடந்து போவார்கள். எங்கள் ஊமச்சிகுளத்துத் தம்பி மாதிரிதான், கார் என்பது ஒன்றே வித்தியாசம். 1970களின் தொடக்கத்தில் உள்ளூர் நிர்வாகம் ஒரு விதி கொண்டுவந்தது: வேலை நாட்களில் காலை 8 முதல் மாலை 5 வரை அந்தத் தெருக்களில் பர்மிட் உள்ள வண்டி மட்டும் நிற்கலாம். குடியிருப்பவர்களுக்கு பர்மிட். அவர்கள் வீட்டு விருந்தாளிகளுக்கும், சாமான் கொண்டு வருகிறவர்களுக்கும்கூட உண்டு. வேலைக்கு வருகிறவர்கள் வழக்குப் போட்டார்கள். பொதுச் சாலையில் ஒருவனுக்கு ஒரு நீதி, இன்னொருவனுக்கு ஒரு நீதியா என்பது அவர்கள் கேள்வி. வர்ஜீனியா மாநில உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1977 அக்டோபர் 11ஆம் தேதி அதை மாற்றியது. புகை, சத்தம், குப்பை, விபத்து இதையெல்லாம் குறைத்துக் குடியிருப்பைக் காப்பாற்றுவதற்காகத் தெருக்காரர், வெளியார் என்று வேறுபாடு காட்டினால் அதில் அரசியல் சாசனக் குற்றம் ஒன்றும் இல்லை என்றது.

அந்தத் தேதிக்கு மூன்று மாதம் முன்னால், ஜூலை 1ஆம் தேதி, கிரிஸ்டல் சிட்டியில் மெட்ரோ நிலையம் திறந்திருந்தது. அதாவது நிலையம் வரும்போது தெருவுக்கு விதி தயாராக இருந்தது. (நம் வைகை எக்ஸ்பிரஸ் முதல்முதலாக ஓடியதும் அதே 1977இல்தான், ஆகஸ்ட் 15. நமக்கு அப்போது ரயில் நிலையத்துக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறவர்களே குறைவு. சைக்கிள் ஸ்டாண்டில் இடம் கிடந்தது.)

இந்த வரிசை முக்கியம். முதலில் விதி, அப்புறம் நிலையம். நிலையம் திறந்து ஆறு மாசம் ஒரே மரத்தடியில் வண்டி விட்டுப் பழகியவனுக்கு அந்த இடம் பட்டா நிலம் மாதிரி ஆகிவிடும். அதற்கப்புறம் போய், எடு என்றால் எடுக்கமாட்டான். அவன் மேலும் தப்பு சொல்ல முடியாது, இவ்வளவு நாள் யாரும் கேட்கவில்லையே. தெருக்காரனுக்கும் அதே கதைதான். வாசல் முன்னால் பத்தடி தன்னுடையது என்று பத்து வருஷம் நினைத்துக்கொண்டிருப்பவரிடம் போய், அது மாநகராட்சி இடம், வருஷத்துக்கு இவ்வளவு கட்டு என்று சொல்லிப் பாருங்கள்.

எங்கள் தெருவில் மனு எழுதுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தோம். இது நானாகக் கண்டுபிடித்த முறை இல்லை, பர்மிட் கொண்டுவரும் நகரங்கள் பலவற்றில் முதலில் செய்வது இதுதான். ஒரு வேலை நாளில் விடியுமுன் தெருவில் நிற்கும் வண்டிகளின் நம்பர்களை எழுதிக்கொள்ள வேண்டும். காலை பத்தரைக்கு மறுபடி எழுத வேண்டும். விடியுமுன்னும் நின்று பத்தரைக்கும் நிற்பது தெருக்காரர் வண்டி. பத்தரைக்கு மட்டும் நிற்பது வெளியூர் போனவர் வண்டி. காலேஜ் படிக்கும் பையன்கள் மூன்று பேர் மொபைலில் படம் எடுத்துக்கொண்டே போய் வேலையை முடித்துவிட்டார்கள்.

பட்டியலைப் பார்த்ததும் தெருக்காரர்கள் கூட்டத்தில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. வெளியாட்கள் வண்டி நிறைய இருந்தது, ஆனால் அநேகமாக எல்லாமே பைக்கும் ஸ்கூட்டியும். கார்களில் பெரும்பாலானவை இரண்டு பட்டியலிலும் இருந்தன. நம்முடையவை. ஒரு கார் நிற்கும் இடத்தில் ஐந்தாறு பைக் நிற்கும். தெருவை அடைத்துக்கொண்டிருப்பது ஊமச்சிகுளமும் ஒத்தக்கடையும் இல்லை, நாம்தான். எங்கள் தெரு இருபதடி. இரண்டு பக்கமும் ஆறடி ஆறடியாகக் கார் நின்றால் நடுவில் மிச்சம் எட்டடி. ஒரு தீயணைப்பு வண்டியின் அகலமே ஏறக்குறைய அவ்வளவு.

சரி, இவ்வளவு கார் எப்படித் தெருவுக்கு வந்தது? கார் வாங்கியவர்கள் எல்லாரும் நிறுத்த இடமில்லாத ஏழைபாழைகளா? இல்லை. பாதி வீடுகளில் கார் நிறுத்த இடம் இருந்தது, பிளானில். கட்டட அனுமதி வாங்கும்போது தரைத்தளத்தில் வாகன நிறுத்தம் என்று அழகாகக் கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். குடிபுகுந்து ஒரு வருஷத்தில் அந்த இடத்துக்கு ஷட்டர் வந்துவிடும். ஒன்றில் மாவு மில், ஒன்றில் செல்போன் ரீசார்ஜ், ஒன்றில் பிளவுஸ் தைக்கும் கடை, ஸ்டேஷன் பக்கம் என்பதால் ஒன்றில் டிராவல்ஸ் ஆபீஸ். அட்வான்ஸ், மாச வாடகை எல்லாம் உள்ளே வருகிறது. கார் வெளியே போகிறது. நிலையம் பெரிதாகப் பெரிதாக அந்த ஷட்டர்களின் வாடகையும் ஏறும். பர்மிட் வேண்டும் என்று கூட்டத்தில் சத்தமாகக் கேட்டவர்களில் இந்த ஷட்டர்காரர்களும் உண்டு. உள்ளே இருந்த இடத்தை வாடகைக்கு விட்டுவிட்டு, வெளியே இருக்கும் இடத்தை அரசாங்கம் தனக்கென்று எழுதித் தர வேண்டும் என்கிறார்கள்.

ஜப்பானில் 1962இலேயே ஒரு சட்டம் போட்டுவிட்டார்கள். கார் வாங்க வேண்டும் என்றால் அதை நிறுத்துவதற்குத் தெருவுக்கு வெளியே இடம் இருக்கிறது என்று போலீஸிடம் சான்று வாங்க வேண்டும். அந்த இடம் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். நம் ஊரில் கார் ஷோரூமில் மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, சாவி வாங்கி, நேரே பாண்டி முனீஸ்வரர் கோவிலுக்குப் போய்விட்டு, வீட்டு வாசலுக்கு வந்தபின்தான் எங்கே நிறுத்துவது என்று யோசிக்கிறோம்.

அடுத்தது, தெருக்காரர் என்பது யார். சொந்த வீட்டுக்காரர்களைக் கேட்டால் ஒரே பதில்: வீட்டுவரி ரசீது இருக்கிறவர். எங்கள் தெருவில் ஏறக்குறைய பாதிப் பேர் வாடகைக்கு இருக்கிறவர்கள். ரயில்வே வேலைக்காக வந்தவர்கள், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பவர்கள், மேல்மாடியில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பையன்கள். அவர்களின் ஆதாரில் அருப்புக்கோட்டை, வண்டியின் ஆர்சி புத்தகத்தில் அப்பா பேர், பரமக்குடி விலாசம். எங்கள் பக்கத்து வீட்டு மாடியில் குடியிருக்கும் அண்ணன் டாக்ஸி ஓட்டுகிறார். வண்டி முதலாளி பேரில், முதலாளி இருப்பது அனுப்பானடியில். பதினோரு வருஷமாக இதே தெருவில் இருக்கும் அவர் வெளியாளா? சென்னையில் செட்டிலாகிவிட்டு, இங்கே வீட்டைப் பூட்டிப் போட்டு, பொங்கலுக்கு மட்டும் வருகிறவர் தெருக்காரரா? வீட்டுவரி ரசீது கேட்டால் பதில் அப்படித்தான் வரும். கேஸ் பில்லோ, வாடகை ஒப்பந்தமோ, வீட்டுக்காரரின் கையெழுத்தோ போதும் என்று வைக்காமல் இதைக் கொண்டுவரவே கூடாது.

அப்புறம் விருந்தாளிகள். ஆர்லிங்டனில் விருந்தாளிக்கும் பர்மிட் கொடுத்தார்கள். அங்கே ஒரு வீட்டுக்கு ஒரு சாயங்காலம் நாலு பேர் வருவார்களாக இருக்கும். இங்கே ஒரு வளைகாப்பு என்றால் மூன்று வேன். ஒரு துக்க வீடு என்றால் மத்தியானத்துக்குள் உசிலம்பட்டியிலிருந்தும் செக்கானூரணியிலிருந்தும் வந்த வண்டிகள் தெருமுனை தாண்டி நிற்கும். நடுத்தெருவில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, கொட்டு. அழுதுகொண்டு இருப்பவரிடம் யார் போய் விருந்தாளி பாஸ் எங்கே என்று கேட்பது? சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை நாளன்று தல்லாகுளத்தில் போய் இது யார் தெரு என்று கேட்டுப் பாருங்கள், ஒரு டம்ளர் நீர்மோரைக் கையில் கொடுத்து, ஓரமாப் போங்க என்பார்கள்.

இதற்கு லண்டனில் ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார்கள், எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே ரயில் நிலையங்களுக்குப் பக்கத்துத் தெருக்கள் சிலவற்றில் பர்மிட் விதி நாள் முழுக்கக் கிடையாது. வேலை நாளில் நடுவில் ஒரு மணி நேரம், அல்லது இரண்டு மணி நேரம் மட்டும். அந்த நேரத்தில் பர்மிட் இல்லாத வண்டி நிற்கக்கூடாது. அவ்வளவுதான். யோசித்துப் பாருங்கள், காலையில் வண்டியை விட்டுவிட்டு ரயிலேறிப் போனவர் நடுவில் வந்து அந்த ஒரு மணி நேரத்துக்கு வண்டியை எடுக்க முடியாது. அவர் தானாக ஸ்டாண்டுக்குப் போய்விடுவார். மத்தியானம் அக்காவைப் பார்க்க வரும் தம்பிக்கும், சாயங்காலம் வரும் டியூஷன் பிள்ளைகளின் அம்மாக்களுக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. சோதிக்க வருகிறவரும் ஒரு மணி நேரம் ஒரு சுற்று வந்தால் போதும். எங்கள் தெருவுக்குக் காலை பத்தரை முதல் பதினொன்றரை போதும். ஞாயிறு, திருவிழா நாள், துக்க வீடு இதற்கெல்லாம் விதியே கிடையாது என்று எழுதிவிடலாம்.

இனி காசு. கூட்டத்தில் எல்லாரும் இலவசம் என்றுதான் நினைத்து வந்திருந்தார்கள். பெங்களூரில் 2021இல் ஒப்புதலான வாகன நிறுத்தக் கொள்கையில் குடியிருப்போருக்கான பர்மிட்டுக்கு ஒரு கட்டணம் வைத்தார்கள்: சிறிய காருக்கு வருஷத்துக்கு 1,000 ரூபாய், பெரிய வண்டிக்கு 5,000 வரை. நான் இதைச் சொன்னதும், "ஆயிரமா? ரோட்டுல நிறுத்தவா?" என்று ஒரு சித்தப்பா எழுந்துவிட்டார். ஆயிரம் ரூபாயை 365ஆல் வகுத்தால் நாளைக்கு மூன்று ரூபாய்கூட வரவில்லை. ஸ்டாண்டில் சுவரோரம் நசுங்கி நிற்கும் பைக்குக்கு அதைவிடப் பல மடங்கு கொடுக்கிறார்கள், காரின் இடத்தில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு. 2006ஆம் வருடத் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையிலேயே, வாகன நிறுத்தக் கட்டணம் அந்த நிலத்தின் மதிப்பைக் காட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சென்ட் என்ன விலை என்று தெருவில் இருக்கும் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் வாசலுக்கு வெளியே வந்ததும் அதே மண்ணின் விலை பூஜ்யம்.

என் கணக்கு இது. பைக்குக்குக் காசு வேண்டாம், ஒரு வீட்டுக்கு இரண்டு வரை. முதல் காருக்குக் கட்டணம். இரண்டாவது காருக்கு பர்மிட்டே கிடையாது. பிளானில் காட்டிய நிறுத்தத்தை ஷட்டராக்கியவருக்கு முதல் காருக்கும் கிடையாது, வேண்டுமானால் ஷட்டரைக் கழற்றிவிட்டு உள்ளே நிறுத்தட்டும். கடைசி வரியைப் படித்ததும் எங்கள் வாட்ஸாப் குழுவிலிருந்து இரண்டு பேர் வெளியேறினார்கள்.

பர்மிட் ஸ்டிக்கராகத்தான் வரும் என்றால் அதிலும் எனக்கு பயம் உண்டு. ஹைகோர்ட் கிளை 2004இல் வந்ததிலிருந்து இந்த ஊரில் வக்கீல் ஸ்டிக்கருக்குப் பஞ்சமில்லை. பிரஸ், போலீஸ், ராணுவம், கட்சிக் கொடி, ஜாதித் தலைவர் படம் எல்லாம் ஏற்கெனவே கண்ணாடியில் இருக்கிறது. டவுன்ஹால் ரோட்டில் ஒரு ஸ்டிக்கர் கடைக்காரர் நினைத்தால் எங்கள் தெரு பர்மிட்டை ஒரு மத்தியானத்தில் அச்சடித்துவிடுவார். ஸ்டிக்கர் வேண்டாம், வண்டி நம்பரைப் பதிவு செய்து வைத்தால் போதும். அபராதம் போடுகிறவர் போனில் நம்பரைத் தட்டிப் பார்த்துக்கொள்ளட்டும்.

யார் அபராதம் போடுவது என்பதும் லேசான கேள்வி இல்லை. வண்டி எங்கே நிற்கலாம் என்று குறிக்கும் அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 117ஆம் பிரிவில் மாநில அரசுக்கும் அது அதிகாரம் கொடுத்தவர்களுக்கும் இருக்கிறது. தெரு மாநகராட்சியுடையது. சக்கரத்தில் பூட்டுப் போடுவது போக்குவரத்து போலீஸ். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்டினால் எங்கள் தெருவில் மறுபடி பெயின்ட் டப்பாதான்.

ஒரு தெருவில் மட்டும் கொண்டுவந்து பிரயோஜனமில்லை என்பதைச் சொல்ல வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். மீனாட்சியம்மன் கோவிலைச் சுற்றி நாலு சித்திரை வீதிகளிலும் வண்டி போகக்கூடாது என்று வைத்தார்கள், நல்ல காரியம், இப்போது அங்கே நிம்மதியாக நடக்கலாம். அந்த வண்டிகள் எல்லாம் ஆவணி மூல வீதிக்கும் மாசி வீதிக்கும் சந்துகளுக்கும் நகர்ந்தன. பலமாடி வாகன நிறுத்தம் கட்டியும், சந்துக்குள் நிறுத்துகிறவர் சந்துக்குள்தான் நிறுத்துகிறார். எங்கள் தெருவுக்கு மட்டும் பர்மிட் வந்தால் ஊமச்சிகுளத்துத் தம்பி அடுத்த தெருவுக்குப் போவார், அங்கேயும் வேப்பமரம் இருக்கிறது. நிலையத்திலிருந்து பத்து நிமிஷ நடைக்குள் இருக்கும் எல்லாத் தெருவுக்கும் ஒரே நாளில் வர வேண்டும்.

அந்தத் தம்பி விஷயத்தையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. மெட்ரோ கொள்கையிலேயே, நிலையத்தின் இரு பக்கமும் 5 கிலோமீட்டர் வரைக்கும் இணைப்பு வண்டிகளுக்கும் நடக்க, சைக்கிள் ஓட்ட வழிக்கும் மாநில அரசு பொறுப்பேற்க வேண்டும் என்று இருக்கிறது. காலை ஐந்து மணிக்கு ஊமச்சிகுளத்திலிருந்து ஸ்டேஷனுக்கு ஒரு மினி பஸ் ஓடினால் அவர் ஏன் பைக்கில் வரப்போகிறார்? பர்மிட் மனுவோடு அந்த பஸ்ஸையும் கேட்க வேண்டும் என்று சொன்னேன். "அது அவுக ஊர்க்காரக கேக்கணும்" என்றார்கள். மனுவில் ஒரு வரியாகச் சேர்த்திருக்கிறேன், எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்கிறேன்.

கூட்டத்தில் அதிகம் பேசாமல் இருந்தவர் மூன்றாவது வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் ஒரு மதினி. பள்ளியில் சத்துணவு வேலை. வீட்டில் வண்டி எதுவும் இல்லை. எல்லாரும் பேசி முடித்ததும் கேட்டார், "கார் இருக்கவகளுக்கு ரோட்டுல இடம் குடுக்குறீக. கார் இல்லாதவகளுக்கு என்ன குடுப்பீக?" அதற்கு யாரும் பதில் வைத்திருக்கவில்லை. அவரே சொன்னார்: பர்மிட் காசு இந்தத் தெருவுக்கே வர வேண்டும், முதலில் பைப்படிக்குப் பக்கத்தில் உடைந்து கிடக்கும் சாக்கடை மூடியைப் போட வேண்டும், ஸ்டேஷனிலிருந்து ராத்திரி பத்து மணிக்கு நடந்து வருகிற பொம்பளைப் பிள்ளைகளுக்கு அந்தத் திருப்பத்தில் ஒரு விளக்கு வேண்டும். பர்மிட் காசு மாநகராட்சியின் பொதுக் கணக்கில் போய் விழாமல் அந்தந்தத் தெருவிலேயே செலவாக வேண்டும் என்பதுதான் இதில் தெரிந்தவர்கள் பலரும் சொல்வது. அதை மதினி இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார். மனுவில் அது இரண்டாவது அம்சம்.

மனு அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்குப் போகிறது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் இன்னும் இழுபறி. தெருமுனையில் தேய்ப்பு வண்டி வைத்திருக்கும் அண்ணாச்சியும், அவருக்கு எதிரே இளநீர் சைக்கிளும், ஆட்டோ ஸ்டாண்டும். மூன்று பேருமே இங்கே குடியிருப்பவர்கள் இல்லை. பர்மிட் வந்தால் முதலில் இவர்களைத்தான் கிளப்புவார்கள், கார்க்காரனைத் தொடுவதற்கு முன்னால். அவர்களுக்கு இடம் குறித்துக் கொடுத்தபின்தான் மற்ற இடத்துக்குக் கோடு போட வேண்டும் என்று நான் எழுதியிருக்கிறேன். தேய்ப்பு வண்டி வரை சரி, ஆட்டோ ஸ்டாண்டு வேண்டாம் என்கிறார் எங்கள் தெருச் சங்கத்துச் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை மறுபடி உட்காருகிறோம்.